ஊருக்குள் வீடா? புறநகரில் வீடா? விலையோடு வழிச்செலவையும் கூட்டுங்கள்!

"ரயில் நிலையம் 5 நிமிடம்! பஸ் நிலையம் 10 நிமிடம்! பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோவில் எல்லாம் பக்கத்திலேயே!"

சென்னையைச் சுற்றி மனை விற்கிறவர்கள் கொடுக்கும் நோட்டீசில் இந்த வரிகள் தவறாமல் இருக்கும்.

அந்த 5 நிமிடம் யாருடைய 5 நிமிடம்?

ஞாயிற்றுக்கிழமை காலையில், காலியான ரோட்டில், புரோக்கரின் காரில் போனால் 5 நிமிடம். திங்கட்கிழமை காலை 8 மணிக்கு, தோளில் சாப்பாட்டுப் பையோடு, ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நின்று போனால் அதுவே 35 நிமிடம்!

மனையைக் காட்டுவது ஞாயிற்றுக்கிழமை. குடியிருப்பதோ வாரம் 7 நாளும்!

மாதச் சம்பளக்காரர்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் தொடங்கும் பேச்சு இது:

"ஏங்க, மாம்பலத்திலே ஒரு பழைய பிளாட் வருதாம். 550 சதுரடி. விலையைக் கேட்டாத்தான் தலை சுத்துது."

"அந்தக் காசுக்குக் கூடுவாஞ்சேரி தாண்டினா தனி வீடே வாங்கலாம்மா. வாசல்லே ஒரு வேப்பமரம் வைக்கலாம். மொட்டை மாடியிலே துணி காயப் போடலாம்."

"வேப்பமரம் சரி. சாயங்காலம் பாப்பாவை ஸ்கூல்லேருந்து யார் கூட்டிட்டு வர்றது?"

பேச்சு அத்தோடு நின்றுவிடும். மறுநாள் இரவு மறுபடியும் தொடங்கும்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. காலுக்குக் கீழே சொந்த மண் வேண்டும் என்பது ஆசை மட்டும் அல்ல, பாதுகாப்பும்கூட. அதே சமயம், அந்த மண்ணை வாங்கியபின் அதில் நிற்க நேரம் கிடைக்குமா என்பதையும் கேட்கத்தான் வேண்டும்.

தி.நகரும் ஏரிதான்!

"தி.நகர் என்ன, ஆதியிலேயே ஊராவா இருந்தது? அதுவும் ஏரிதானே? இன்னும் 10 வருஷம் போனா இதுவும் தி.நகர் ஆயிடும்!" - இது புரோக்கர்களின் வாதம்.

பாதி உண்மை. நுங்கம்பாக்கத்தில் இருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்து, 1920-களில் உண்டாக்கியதுதான் தியாகராய நகர். மேற்கு மாம்பலத்தில் இன்றும் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. லேக்கைத்தான் காணோம்!

அண்ணா நகரும் அப்படித்தான். 1968-ல் அங்கே உலக வர்த்தகக் கண்காட்சி நடந்தது. அப்போது கட்டிய கோபுரம் பூங்காவுக்குள் இன்றும் நிற்கிறது. அன்று அது ஊருக்கு வெளியே!

ஆனால் புரோக்கர் சொல்லாத மீதிப் பாதி ஒன்று உண்டு. தி.நகரில் முதலில் வந்தது பனகல் பார்க். அதைச் சுற்றி ரோடுகள். பிறகுதான் வீடுகள். அண்ணா நகரிலும் வீட்டு வசதி வாரியம் அகல ரோடு போட்டு, பூங்காவுக்கு இடம் விட்டு, மனை பிரித்தது.

இன்று புறநகரின் பல பகுதிகளில் நடப்பது தலைகீழ். முதலில் வீடு. பிறகு மண் ரோடு. அப்புறம் மின்விளக்கு. அதற்கும் அப்புறம் தண்ணீர்க் குழாய். பாதாளச் சாக்கடை கடைசியில்!

2011-ல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரில் இருந்து 426 சதுர கிலோமீட்டர் ஆனது. போர்டில் பெயர் ஒரே நாளில் மாறியது. ஆனால் அப்படிச் சேர்ந்த பகுதிகள் பலவற்றில் 10 ஆண்டு கழித்தும் பாதாளச் சாக்கடை வேலை முடியவில்லை. ஆவடி 2019-லும் தாம்பரம் 2021-லும் மாநகராட்சி ஆயின. மாநகராட்சி என்று பெயர் வந்ததும் வரி வரும். வசதி வர நாள் பிடிக்கும்.

"வரப்போகுது சார்!"

"மெட்ரோ வரப்போகுது சார்!", "அடுத்த வருஷம் இங்கேதான் பஸ் டிப்போ!" - இந்தப் பேச்சை நம்பிப் பணம் கொடுக்கலாமா?

பறக்கும் ரயில் கதை கண்முன்னே இருக்கிறது. கடற்கரையில் இருந்து சேப்பாக்கத்துக்கு அது ஓடத் தொடங்கியது 1995-ல். வேளச்சேரி போய்ச் சேர்ந்தது 2007-ல். 12 ஆண்டு! பெயர்தான் பறக்கும் ரயில்!

கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தை 2023 டிசம்பர் 30-ந் தேதி திறந்தார்கள். அன்று அதை ஒட்டி ரயில் நிலையம் இல்லை. ரயில் ஏற வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோதான் போக வேண்டி இருந்தது. ஆனால் சுற்றுவட்டார மனை நோட்டீசுகளில் கிளாம்பாக்கம் பெயர் அதற்கு முன்பே ஏறிவிட்டது. விலையும் ஏறிவிட்டது.

அரசாங்கம் சொன்னதைச் செய்யும், செய்யாமல் போகாது. ஆனால் அது வருவதற்குள் 1-ம் வகுப்பில் சேர்த்த பிள்ளை காலேஜுக்குப் போய்விடும். வரப்போகிற ரயிலுக்கு இன்றே விலை கொடுக்கிறவர், அது வரும் வரை நடக்கவும் தயாராக இருக்க வேண்டும்.

கூட்டிப் பாருங்கள்

சென்னைக்குள் ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு பழைய பிளாட். புறநகரில், நிலையத்தில் இருந்து 6 கிலோமீட்டர் உள்ளே ஒரு புது வீடு. புறநகர் வீடு 10 லட்சம் ரூபாய் மலிவு என்று வைத்துக்கொள்வோம்.

20 ஆண்டுக் கடன், 9 சதவீத வட்டி என்றால், 10 லட்சத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 9 ஆயிரம் ரூபாய். ஆகவே புறநகருக்குப் போகிறவருக்கு மாதம் 9 ஆயிரம் மிச்சம். சந்தோஷம்!

இப்போது செலவைப் பார்ப்போம். கணவருக்கு நிலையம் வரை பெட்ரோல், பைக் நிறுத்தும் கட்டணம், சீசன் டிக்கெட் எல்லாம் சேர்த்துக் கூடுதலாக 2,500. மனைவியும் வேலைக்குப் போகிறவர் என்றால் ஷேர் ஆட்டோ உட்பட இன்னொரு 2,500. பிள்ளையின் ஸ்கூல் வேனுக்குக் கூடுதல் 2 ஆயிரம். ராத்திரி நேரமாகிவிட்டால், உடம்பு சரியில்லை என்றால், மழை பெய்தால் ஆட்டோ, கார் என்று ஓர் ஆயிரம். மொத்தம் 8 ஆயிரம்.

மிச்சம் ஆயிரம் ரூபாய். அதையும் செப்டிக் டேங்க் எடுக்க வரும் கழிவுநீர் லாரி கொண்டு போய்விடும்!

இந்தத் தொகைகள் வீட்டுக்கு வீடு மாறும். குறைவாக ஆகிறவரும் உண்டு, அதிகம் ஆகிறவரும் உண்டு. ஆனால் கணக்கைப் போடாமலேயே அட்வான்ஸ் கொடுக்கிறவர்கள்தான் ஏராளம். பத்திரச் செலவு எவ்வளவு என்று பைசா சுத்தமாகக் கேட்பார்கள். பயணச் செலவை யாரும் கேட்பதில்லை!

வங்கிக் கடன் 20 ஆண்டில் தீர்ந்துவிடும். பெட்ரோல் செலவு தீராது.

"மனை விலை ஏறுமே?" என்பார்கள். ஏறும். கட்டடம் தேயும், மண் தேயாது என்பது உண்மைதான். ஆனால் விற்றால்தான் அந்த லாபம் கையில் வரும். குடியிருக்கும் வீட்டை விற்றுவிட்டு எங்கே போவது?

500 நாள் எங்கே போச்சு?

பணத்தையாவது திரும்பச் சம்பாதிக்கலாம். நேரத்தை?

போக 1 மணி, வர 1 மணி கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 2 மணி. ஆண்டுக்கு 300 வேலை நாள். மொத்தம் 600 மணி. அதாவது 25 முழு நாள்!

கடன் கட்டும் 20 ஆண்டுக்கும் பெருக்கினால் 500 நாள். ராத்திரி பகலாக 1 ஆண்டு 4 மாதம் ரயிலிலும் ரோட்டிலும் நின்றுகொண்டே கழிகிறது.

காலையில் அப்பா கிளம்பும்போது பிள்ளை தூங்குகிறது. இரவு அவர் வரும்போதும் தூங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வரும் விருந்தாளி ஆகிவிடுகிறார் அவர். 3 படுக்கை அறை கட்டிய வீட்டில் அவர் பார்ப்பது ஒரு படுக்கையை மட்டும்தான்!

வேலைக்குப் போகும் பெண்களின் பாடு இதைவிட மோசம். 7 மணி வண்டியைப் பிடிக்க 4.30-க்கு எழுந்து சமைக்க வேண்டும். இரவு 8.30-க்கு பஸ் நிறுத்தத்தில் இறங்கி, விளக்கு எரியாத தெருவில், இரண்டு பக்கமும் காலி மனையைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. நல்ல சலுகைதான். பஸ்சே வராத நகரில் அதனால் யாருக்குப் பலன்?

வீட்டுக்கு இடம் பார்க்கப் போகும்போது ஆண்கள் மட்டும் போய் முடிவு செய்துவிட்டு வருவது பல வீடுகளில் வழக்கம். இது பெரிய தப்பு. அந்தத் தெருவில் ராத்திரி தனியாக நடக்கப் போகிறவரைக் கேட்காமல் எப்படி முடிவு செய்வது?

தண்ணீர் - வந்தாலும் கஷ்டம், வராவிட்டாலும் கஷ்டம்

2015 டிசம்பர் முதல் வாரத்தை யாரும் மறந்திருக்க முடியாது. அடையாற்றில் வெள்ளம் புரண்டது. முடிச்சூர், மேற்கு தாம்பரம் பக்கம் வீடுகளின் தரைத்தளம் மூழ்கியது. படகு கட்டி ஆட்களை மீட்டார்கள். 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் வந்தபோது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரி மறுபடியும் தண்ணீரில் நின்றன.

ஏரியும் சதுப்பு நிலமும் இருந்த இடத்தில் வீடு நின்றால், தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடி வரத்தான் செய்யும். ஏரி, தாங்கல், கழுவெளி என்று ஊர்ப்பெயரிலோ தெருப்பெயரிலோ இருந்தால் ஒருமுறைக்கு இருமுறை விசாரிக்க வேண்டும்.

ஊருக்குள் மட்டும் தண்ணீர் நிற்காதா? நிற்கும்! 2015-ல் கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் தப்பவில்லை. 2021 நவம்பரில் தி.நகர், மாம்பலம் தெருக்களில் நாள் கணக்கில் முழங்கால் தண்ணீர். ஆகவே இதில் ஊர், புறநகர் என்ற பேதம் கிடையாது. தெருவுக்குத் தெரு பார்க்க வேண்டிய விஷயம் இது.

கோடையிலும் அப்படியே. 2019-ல் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. குழாய் இருந்த தெருவிலும் குடம் வரிசையில் நின்றது. குழாயே இல்லாத தெருக்காரர்கள், லாரிக்காரர் சொன்ன விலையைக் கொடுத்தார்கள்.

ஊருக்குள் மட்டும் சொர்க்கமா?

பழைய பிளாட் வாங்குகிறவருக்கும் தொல்லைகள் உண்டு. 35 வயசு, 40 வயசுக் கட்டடம். லிப்ட் இருக்காது. 3-ம் மாடிக்கு வயசான அம்மாவை எப்படி ஏற்றுவது? கட்டடம் பழையது என்று வங்கி கடனைக் குறைக்கும். பைக் நிறுத்த ஒரு சண்டை, சம்ப் கழுவ ஒரு சண்டை!

அங்கே பார்க்க வேண்டியது சதுரடியை மட்டும் அல்ல. மண்ணில் எவ்வளவு பங்கு என்று பத்திரத்தில் எழுதியிருக்கும். 'பிரிக்கப்படாத பாகம்' என்பார்கள். ஒரு நாள் கட்டடத்தை இடித்தால் மிஞ்சப் போவது அந்தப் பங்குதான். 2022-ம் ஆண்டுச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துப் புதிதாகக் கட்டலாம். ஆகவே 800 சதுரடி பிளாட்டில் மண் பங்கு 200 சதுரடியா, 450 சதுரடியா என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

யாருக்கு எது?

எல்லாருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சிறுசேரி என்று வெளியே வேலை பார்க்கிறவர் ஊருக்குள் வீடு வாங்கினால் அது வீண் அலைச்சல். அவருக்குப் புறநகர்தான் சரி. அதிலும் ஒரு எச்சரிக்கை! ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2014-ல் மூடியது. மறைமலைநகரில் ஃபோர்டு 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்தியது. கம்பெனியை மட்டும் நம்பி வீடு வாங்கினால், கம்பெனி போனபின் வீடு மட்டும் தனியாக நிற்கும். ரயில் பாதையை ஒட்டி வாங்கியவர் வேறு வேலைக்கு வண்டி ஏறிவிடலாம்.

ரங்கநாதன் தெருவிலோ சவுகார்பேட்டையிலோ கடை வைத்திருப்பவர், வேலை பார்ப்பவர் ராத்திரி 10 மணிக்குத்தான் ஷட்டரை இறக்குவார். கடைசி வண்டியைத் துரத்திக்கொண்டு அவர் தினம் ஓட முடியாது.

ரிட்டயர் ஆனவருக்கு அமைதியான புறநகர் பிடிக்கும். ஆனால் நெஞ்சுவலி அமைதியான நேரம் பார்த்து வருவதில்லை. ஆஸ்பத்திரி எத்தனை நிமிடம் என்று ராத்திரி 2 மணிக் கணக்கில் பார்க்க வேண்டும்.

ஊருக்குள் வேலை பார்க்கும் கிளார்க், வாத்தியார், கடைச் சிப்பந்தி? அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 6 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் 1,200 சதுரடி வீட்டைவிட, நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் 600 சதுரடி மேல். அந்த நிலையம் மாம்பலமாக இருக்கலாம். குரோம்பேட்டையாக இருக்கலாம். அம்பத்தூராகவோ திருநின்றவூராகவோ இருக்கலாம். கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் வந்ததில் இருந்தே இந்த ஊரின் நடுத்தர மக்கள் தண்டவாளத்தை ஒட்டித்தான் குடியேறினார்கள். அவர்கள் முட்டாள்கள் அல்ல!

4 முறை போங்கள்!

அட்வான்ஸ் கொடுக்குமுன் புரோக்கர் இல்லாமல் 4 முறை போய்ப் பார்க்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை 8 மணிக்கு, அந்த வாசலில் இருந்து ஆபீஸ் வரை பஸ்சிலும் ரயிலிலும் போய்ப் பார்க்க வேண்டும். ஒருநாள் இரவு 9 மணிக்கு அதே வழியில் திரும்பி வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை விட்ட மறுநாள் போய், காம்பவுண்டுச் சுவரில் தண்ணீர்க் கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் போய், போர் தண்ணீர் எத்தனை அடியில், உப்பா, நல்ல தண்ணீரா என்று கேட்க வேண்டும்.

யாரைக் கேட்பது? டீக்கடைக்காரரை. இஸ்திரி வண்டிக்காரரை. அந்தத் தெருவில் வாடகைக்கு இருப்பவரை. வாடகைக்காரர் உள்ளதைச் சொல்வார். சொந்த வீட்டுக்காரர் தன் தெருவைக் குறைத்துச் சொல்ல மாட்டார்!

காகிதங்களை வக்கீலிடம் காட்டாமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, மனைப் பிரிவுக்கு அனுமதி மூன்றும் வேண்டும். அனுமதி இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016-ல் ஐகோர்ட்டு தடை போட்டதையும், வாங்கியவர்கள் விற்கவும் முடியாமல், கட்டவும் முடியாமல் தவித்ததையும் நினைவில் வைக்க வேண்டும்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. சென்னைப் பெருநகரின் எல்லையை 2022-ல் 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தாகிவிட்டது. கோடு போடுவது சுலபம். மனைப் பிரிவுக்கு முத்திரை குத்துமுன் மழைநீர் எங்கே போகும், பஸ் எந்த வழியாக வரும் என்று கேட்க வேண்டியது யார் வேலை? 100 ஆண்டுக்கு முன் தி.நகருக்குத் தெருவும் பூங்காவும் வரைந்துவிட்டு மனை பிரிக்கத் தெரிந்தது. இன்று தெரியாதா?

அதுவரை வாங்குகிறவரே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். நோட்டீசில் 5 நிமிடம் என்று போட்டிருந்தால், கையில் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, பிள்ளையின் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு தடவை நடந்து பார்க்கட்டும்.

நோட்டீஸ் பொய் சொல்லும். கால் சொல்லாது!